இருதயமும் இயந்திர அறிவும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)





இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் நமது முசலிக்கு வெகு தொலைவிலுள்ளதுபோலத் தோன்றும். இருதயத்தின் உட்புறத்தைப் படம் பிடித்து நோக்குங் கலையில், செயற்கை நுண்ணறிவு எனப்படுவது எவ்வாறு பயன்படுகின்றது என்பதே அப்பொருள். அரிப்பிலும் சிலாவத்துறையிலும் கொண்டச்சியிலும் மறிச்சுக்கட்டியிலும் வாழும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் நினைக்கலாம். ஆவது உண்டு என்பதைக் காட்டவே இவ்வுரை.

முதலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கின்றோம். நம்மவருள் ஒருவர், அறுபது வயதைக் கடந்தவர், கடற்றொழிலிலே கைதேர்ந்தவர், பெயர் வேண்டாம். படகை மணலில் இழுக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கிற்று. சில கிழமைகளில் இரவிலே இரண்டு தலையணை வைத்தே படுக்கலானார். பின்னர் கால் வீங்கிற்று. "வயது போகுதல்லவா" என்று தாமே காரணமுங் கூறினார், நாமும் தலையாட்டினோம். தூரத்து வைத்தியசாலைக்குப் போவதென்றால் ஒரு நாள் உழைப்புப் போய்விடும். பரிசோதனைக்கு இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். அந்த நாளும் போய்விடும். இப்படியே மாதங்கள் கழிந்தன. ஈற்றில் அவரைக் கொண்டு சென்றபோது, இருதயத்தின் வலிமை பாதிக்கு மேற் குறைந்துவிட்டது என்றும், முன்னரே வந்திருந்தால் மருந்தினாலே பெரும்பாலுந் தாங்கியிருக்கலாம் என்றும் வைத்தியர் கூறினார். அவர் இன்று நம்மிடையே இல்லை. தலையாட்டிய குற்றம் நம்முடையது.

இந்த நினைவு ஆறாத நிலையிலேதான், நமது செயற்குழுவில் ஒரு தம்பி எழுந்து, "கைக்கு அடக்கமான எக்கோப் பொறி வந்திருக்கிறது, அதற்குள் இயந்திர அறிவும் இருக்கிறதாம், சிறப்பு வைத்தியர் இல்லாமலே இருதயத்தைப் பார்க்குமாம், வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் பணம் திரட்டி ஒன்று வாங்கிவிடுவோம்" என்றார். பெரியவர் ஒருவர், "தம்பி, உயிர் விஷயத்தை இயந்திரத்திடம் ஒப்படைக்கிறதா?" என்று தடுத்தார். இருவர் சொல்லிலும் உண்மை உளது. எந்த அளவுக்கு உண்மை என்பதை ஆராய்ந்த பின்பே நாம் உண்டியலைத் திறக்க வேண்டும்.

எக்கோ என்றால் எதிரொலி. கடலோரத்து மக்களாகிய நமக்கு இது விளங்காத பொருளன்று. இன்று சில படகுகளில் ஆழம் அளக்கவும் மீன் கூட்டத்தைக் காணவும் ஒரு கருவி வைத்திருக்கின்றார்கள். அது நீருக்குள் ஒலியை அனுப்புகின்றது; ஒலி அடித்தரையிலோ மீனிலோ பட்டுத் திரும்புகின்றது; திரும்பி வர எடுத்த நேரத்தைக் கொண்டு ஆழம் கணிக்கப்படுகின்றது. இருதயப் பரிசோதனையிலும் நடப்பது இதுவே. மனிதனுடைய காது செக்கனுக்குச் சுமார் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியையே கேட்கும். இப்பொறியோ இலட்சக்கணக்கிலன்றிப் பத்திலட்சக் கணக்கில் அதிரும் ஒலியை அனுப்புகின்றது. அவ்வொலி உடலினுள்ளே செக்கனுக்குச் சுமார் 1,540 மீற்றர் வேகத்திற் செல்லும். பதினைந்து சதம மீற்றர் ஆழத்திலுள்ள ஒரு சுவரிற் பட்டு மீள்வதற்கு ஒரு செக்கனின் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரமே போதும். ஆதலின், துடிக்கின்ற இருதயத்தைத் துடிக்கும்போதே காணலாம். கத்தியும் இல்லை, கதிர் வீச்சும் இல்லை.

இந்நிலைக்கு மனித குலம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1816-ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டு வைத்தியர் லெனெக், சுருட்டிய கடதாசியை நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். அதிலிருந்து இருதயத் துடிப்பைக் கேட்குங் குழாய் பிறந்தது. 1895-ஆம் ஆண்டிலே ஜேர்மனியில் ரொண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். அந்தக் கதிர் வந்த சில ஆண்டுகளிலே, முத்துச் சிப்பியை உடைக்காமல் உள்ளே முத்து உண்டா இல்லையா என்று அதனாற் பார்க்கலாமே என்ற யோசனையைப் பிரான்சு அறிஞர் டூபுவா கூறினார் என்பது முத்துக்குளித்த கரையிலுள்ள நமக்குச் சுவை பயக்குஞ் செய்தியாகும். பின்னர் 1953-ஆம் ஆண்டிலே, சுவீடன் தேசத்து லுண்ட் நகரில் எட்லர் என்னும் வைத்தியரும் ஹேர்ட்ஸ் என்னும் பௌதிக அறிஞரும், உலோகத்திலுள்ள வெடிப்பைக் கண்டறியப் பயன்பட்ட ஓர் ஒலிப்பொறியை இரவல் வாங்கி, இருதயத்தின் அசைவை முதன்முதலாகப் பதிவு செய்தனர். கப்பலின் இரும்பைச் சோதிக்கும் வேலைக்குரிய கருவி மனிதனின் மார்பைச் சோதிக்க வந்தது.

நிற்க. படம் கிடைத்தாற் போதுமா? போதாது. படத்தை எடுப்பதற்கு ஒரு பயிற்சி வேண்டும். படித்தறிவதற்கு இன்னொரு பயிற்சி வேண்டும். விலா எலும்புகளின் இடைவெளியிலே கருவியைச் சற்றுச் சாய்த்தால் இருதயம் மறைந்துவிடும்; சற்றுத் திருப்பினால் வேறோர் அறை தோன்றும். இதனைச் செய்யக் கற்றவர் நகரங்களில் உளர், கிராமங்களில் அரியர். இடது கீழறை ஒரு துடிப்பிலே தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை பங்கை வெளியே தள்ளுகின்றது என்பதை அளப்பதே இப்பரிசோதனையின் முக்கிய வேலை. நூறு பங்கு நிரம்பினால் ஏறக்குறைய ஐம்பத்தைந்து முதல் எழுபது பங்கு வரை வெளியேறுவது நல்ல இருதயத்தின் இயல்பு. நாற்பதுக்குக் கீழே போனால் இருதயம் தளர்ந்துவிட்டது என்பது பொருள். இதை அளக்க, அறை விரிந்த கணத்திலும் சுருங்கிய கணத்திலும் அதன் ஓரத்தைக் கையாலே வரைய வேண்டும். ஒரே படத்தை இரண்டு வைத்தியர்கள் வரைந்தாற் சிறு வேறுபாடு வரும். ஒருவரே காலையிலும் மாலையிலும் வரைந்தாலும் வரும்.

இந்த இரண்டு இடங்களிலேதான் இயந்திர அறிவு புகுந்துள்ளது.

அதற்கு அறிவு எவ்வாறு வந்தது? நாம் மணலில் எழுத்துப் பழகியது போலத்தான். அமெரிக்காவிலே ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார், வல்லுநர் அளந்து வைத்த 10,030 இருதய அசைபடங்களை எடுத்து, அவற்றுட் பெரும் பங்கைக் கணினிக்குப் பாடமாகக் கொடுத்தனர். கணினி முதலில் ஓர் அளவைக் கூறும், அது வல்லுநரின் அளவோடு ஒத்துப் பார்க்கப்படும், எவ்வளவு பிழையோ அவ்வளவுக்குத் தன் உட்கணக்குகளைச் சிறிது திருத்திக்கொள்ளும், மீண்டும் கூறும், மீண்டுந் திருத்தும். இவ்வாறு பலமுறை திருத்தியபின், முன்பு காணாத படத்தைக் கொடுத்தாலும் ஏறக்குறையச் சரியான அளவைக் கூறுகின்றது. இவ்வாய்வு 2020-ஆம் ஆண்டிலே வெளிவந்தது. இதிலிருந்து ஒன்றைக் கவனியுங்கள்: இயந்திரத்தின் அறிவு முழுவதும், அதற்குப் பாடஞ் சொன்ன மனிதரின் அறிவிலிருந்தும் அதற்குக் காட்டப்பட்ட நோயாளரின் உடல்களிலிருந்தும் வந்ததே. தானாக வந்த ஞானம் அதனிடம் ஒன்றுமில்லை.

பாடம் படித்தது உண்மைதானா என்று பரீட்சையும் வைத்தார்கள். 2023-ஆம் ஆண்டிலே, லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்திலுள்ள சீடர்ஸ்-சைனாய் மருத்துவ நிலையத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 3,495 பரிசோதனைகளில் முதல் அளவை ஒரு பகுதியில் நுட்பவியலாளரும் மறு பகுதியில் இயந்திரமும் செய்தனர். எது எவருடையது என்று சொல்லாமல் இருதய வைத்தியர்களிடம் கொடுத்தனர். நுட்பவியலாளர் செய்தவற்றில் 27.2 வீதத்தை வைத்தியர்கள் குறிப்பிடத்தக்க அளவு திருத்தினர்; இயந்திரம் செய்தவற்றில் 16.8 வீதத்தையே திருத்தினர். தம்பி சொன்னதற்கு இது சான்று. ஆயினும் இறுதி முடிவைச் சொன்னவர் வைத்தியரே என்பதையும் மறக்கலாகாது. அது பெரியவர் சொன்னதற்குச் சான்று.

படம் எடுப்பதிலும் இவ்வாறே. கருவியைப் பிடித்திருப்பவரிடம் "வலப்புறஞ் சாய்க்க", "மெதுவாகத் திருப்புக" என்று திரையிலே வழி காட்டும் ஒரு முறைக்கு 2020-ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்க அரசின் அங்கீகாரம் கிடைத்தது. முன்பு எக்கோ எடுத்தறியாத எட்டுத் தாதியருக்குச் சிறிது காலம் பயிற்சி அளித்து, 240 நோயாளரை அவர்களைக் கொண்டு பரிசோதித்தனர். இடது கீழறையின் பருமனையும் இயக்கத்தையும் மதிப்பிடுவதற்கு, 98.8 வீதமானோரின் படங்கள் போதிய தரமுடையனவாய் இருந்தன என்று 2021-ஆம் ஆண்டிலே அறிவித்தனர். உகாண்டா நாட்டிலும், வாதக் காய்ச்சலினாற் பழுதுற்ற இருதய வால்வுகளைச் சிறுவரிடம் கண்டறிய, இத்தகைய வழிகாட்டியைப் புதியவர்களின் கையிற் கொடுத்துப் பார்த்திருக்கின்றார்கள்.

நமது பக்கத்திலே நடந்தவற்றையுங் கூறுவோம். இந்தியாவின் ஹரியானா மாநிலத்துச் சிர்சாவில் நடந்த ஒரு முகாமிலே, ஒன்பது நுட்பவியலாளர் ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் எக்கோப் படங்களை எடுத்தனர். அவை இணைய வழியே அனுப்பப்பட, உலகின் பல பாகங்களிலிருந்து 75 வைத்தியர்கள் படித்துக் கூறினர். இவ்வறிக்கை 2013-ஆம் ஆண்டிலே வெளிவந்தது. படம் பயணஞ் செய்யுமாயின் நோயாளி பயணஞ் செய்யத் தேவையில்லை என்பதை அது காட்டிற்று. பெங்களூரிலே தோன்றிய டிரைகாக் என்னும் நிறுவனம், சிறிய ஊர் வைத்தியசாலைகளில் எடுத்த ஈ.சீ.ஜி. வரைபைக் கணினியாற் படிக்கச் செய்து, வைத்தியர் ஒருவர் சரிபார்த்தபின் சில நிமிடங்களில் விடை அனுப்பும் முறையை நடத்துகின்றது. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரோ, ஆர்ட்சென்ஸ் என்னும் ஒரு கருவியை ஆக்கியுள்ளனர். கழுத்து நாடியிலே ஒலியைச் செலுத்தி, படமே காட்டாமல், நாடியின் சுவரைத் தானே இனங்கண்டு, அது எவ்வளவு விறைத்துப் போயிற்று என்று அக்கருவி அளந்து கூறும். படம் படிக்கத் தெரியாதவருங் கையாளத்தக்கதாக அதனை அமைத்திருக்கின்றனர்.

இவையெல்லாங் கேட்டுத் தம்பியின் பக்கம் உள்ளம் சாய்கின்றதல்லவா? சற்றுப் பொறுங்கள். மறுபக்கமும் பார்ப்போம்.

முதலாவது, ஒரு சிறு கணக்கு. நமது பகுதியில் ஆயிரம் பேரை ஒரு பொறியினாற் சோதிக்கின்றோம் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுள் இருபது பேருக்கு நோய் உண்டு. பொறி நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் நல்ல பொறி. நோயுள்ள இருபது பேரில் பதினெட்டுப் பேரைக் கண்டுபிடிக்கும், இருவரை விட்டுவிடும். நோயற்ற 980 பேரில் பத்தில் ஒரு பங்கினரான 98 பேரையும் நோயுள்ளவர் என்று கூறும். ஆக 116 பேர் அஞ்சி நடுங்குவர். அவருள் உண்மையில் நோயுடையவர் பதினெட்டுப் பேரே. இவர்களை மேலும் ஆராய வைத்தியரும் போக்குவரத்தும் ஆயத்தமாக இல்லையாயின், நாம் ஊருக்குக் கொடுத்தது வைத்தியமன்று, அச்சமே. விடுபட்ட இருவரோ, "பொறி நல்லதென்று சொன்னது" என்று வீட்டில் இருந்துவிடுவர். அது அச்சத்திலும் கொடிது.

இரண்டாவது, யாருடைய உடலைக் காட்டிப் பாடஞ் சொன்னார்கள் என்பது. இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர், இருதயத்தின் காந்தப் படங்களிலே அறைகளின் ஓரத்தை வரையும் ஓர் இயந்திர முறையை 5,903 பேரின் படங்களில் ஆராய்ந்து 2021-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பாடத்துக்குரிய படங்களிற் பெரும்பாலானவை வெள்ளை இனத்தவருடையவை. ஆதலின் ஏனைய இனத்தவரின் இருதயத்தை வரையும்போது அம்முறை கூடுதலாகத் தவறிற்று. தென்னாசிய மக்களின் இருதய அறைகள் ஐரோப்பியருடையனவற்றிலும் பொதுவாகச் சிறியவை என்பது அளந்து கண்ட செய்தி. ஆகவே, "இந்தப் பொறி நம்மவரின் இருதயத்தைக் கண்டிருக்கின்றதா?" என்று கேட்பது பழமைவாதமன்று, அறிவுடைமையே.

மூன்றாவது, கண்டறிதல் வேறு, காப்பாற்றுதல் வேறு. தமிழ்நாட்டிலே மாரடைப்பு நோயாளருக்காகச் சிறிய வைத்தியசாலைகளையும் பெரிய வைத்தியசாலைகளையும் ஒரே வலையாகப் பிணைத்து ஒரு திட்டம் நடத்தினர். 2,420 நோயாளரைக் கொண்ட அந்த ஆய்வு 2017-ஆம் ஆண்டிலே வெளிவந்தது. ஓராண்டுக்குள் இறந்தோர் தொகை 17.6 வீதத்திலிருந்து 14.2 வீதமாகக் குறைந்தது. நூறு நோயாளரில் மூவருக்கு மேற்பட்டோர் பிழைத்தனர் என்பது அதன் பொருள். அங்கே உயிர் காத்தது ஏதோ ஓர் அற்புதப் பொறியன்று. எந்த நோயாளியை எங்கே, எந்த வண்டியில், எத்தனை நிமிடத்துக்குள் கொண்டு செல்வது என்ற ஒழுங்கே உயிர் காத்தது.

நமது முன்னோர் முத்துக்குளித்த முறையை நினைத்துப் பாருங்கள். கல்லைக் காலிற் கட்டிக் கடலடிக்குப் போனவன் ஒருவன். மேலே படகிலிருந்து கயிறு பிடித்தவன் இன்னொருவன். கயிறு பிடிப்பவன் மைத்துனனாய் இருக்க வேண்டும் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். தன் தமக்கையின் தாலி அவன் கையிலிருப்பதால் அவன் கண் அயரமாட்டான் என்பது கருத்து. குளித்தவன் எத்துணைத் திறமைசாலியாயினும், மேலே கயிறு இல்லையேல் முத்தும் வராது, அவனும் வரான். இயந்திர அறிவு நாம் காண முடியாத ஆழத்துக்குப் போகின்றது, மெய்தான். கயிற்றைப் பிடிப்பதற்கு மனிதன் வேண்டும். படத்தைச் சரிபார்க்கும் வைத்தியர், கருவியைப் பிடிக்கும் தாதி, வண்டியை ஓட்டும் சாரதி, "வயது போகுது" என்று தலையாட்டாத அயலவர், இவர்களே அக்கயிறு.

அவ்வாறாயின் நமது சங்கம் செய்யத்தக்கது யாது? எமது கருத்துக்களை உங்கள் முன் வைக்கின்றோம்.

பொறி வாங்கும் எண்ணத்தைக் கைவிட வேண்டாம். அதை முதலாவதாக வைக்கவும் வேண்டாம். முதலில் நமது பகுதி வைத்தியசாலையின் பொறுப்பாளரிடஞ் சென்று, "உங்களுக்கு எது இல்லை?" என்று கேட்போம். அவர் ஒரு கதிரை என்றாற் கதிரை, ஈ.சீ.ஜி. கடதாசி என்றாற் கடதாசி. எக்கோப் பொறியே வேண்டும் என்றால், அதைப் பிடிக்கப் பழகுபவர் யார், படத்தைப் படிப்பவர் யார், பழுதானாற் திருத்துபவர் யார், நோயாளியின் படம் எங்கே போய் யார் கையிற் சேரும் என்ற நான்கு கேள்விக்கும் விடை பெற்ற பின் வாங்குவோம். அவருக்குத் தெரியாமல் நாம் ஒரு பொறியை வைத்துக்கொண்டு ஊரவரின் மார்பைச் சோதிப்பது தொண்டன்று, விளையாட்டு.

வாலிப நண்பர்களே, இந்தப் பொறிகள் எத்தனை வந்தாலும் அவற்றைப் பிடிக்கக் கைகள் வேண்டும். தாதியராகவும் ஈ.சீ.ஜி. பதிபவராகவும் கதிர்ப்பட நுட்பவியலாளராகவும் வரக்கூடியவர் நம் பிள்ளைகளிடையே உளர். டாக்டராகாவிட்டால் வாழ்வு வீண் என்று பிள்ளைகளை வருத்தும் பெற்றோரும் இதனைச் சிந்திக்க வேண்டும். கணிதத்தில் விருப்பமுள்ளவர் இயந்திர அறிவையே கற்று, நம்மவரின் இருதயத்தை அதற்குக் காட்டும் வேலையைச் செய்யலாம். அதற்கும் ஆள் வேண்டும்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். நடக்கும்போது மூச்சு வாங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால், கால் வீங்கினால், மார்பிலே பாரம் ஏறி இடது கைக்கோ தாடைக்கோ நோவு பரவினால், "வாயு" என்று இஞ்சி குடித்துவிட்டு விடியும்வரை காத்திராதீர்கள். 1990 என்னும் இலக்கத்து இலவச நோயாளர் வண்டிச் சேவை 2016-ஆம் ஆண்டிலே மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்து, 2018-ஆம் ஆண்டிலே நமது வட மாகாணத்துக்கும் வந்தது. அந்த இலக்கத்தைச் சுவரிலே பெரிதாக எழுதி வையுங்கள். பழைய ஈ.சீ.ஜி. வரைபுகளையும் மருந்துத் துண்டுகளையும் ஓர் உறையிலிட்டு வைத்திருங்கள். மனிதனாயினும் இயந்திரமாயினும், பழையதோடு ஒத்துப் பார்த்தாலே புதியதன் பொருள் விளங்கும். தாய்மார்களே, வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை போடச் சொன்ன பெனிசிலின் ஊசியைத் தவறவிடாதீர்கள். அந்த ஊசி செய்யும் வேலையை எந்த இயந்திர அறிவும் செய்யாது.

படகை இழுக்கும்போது மூச்சு வாங்கிய அந்தப் பெரியவரை நாம் மறக்கவில்லை. ஒரு தாதியும், ஒரு சிறு பொறியும், தூரத்திலிருந்து படத்தைப் பார்த்துச் சொல்லும் ஒரு வைத்தியரும் சிலாவத்துறைக்குக் கிட்டவே அன்று இருந்திருந்தால், அவருடைய ஒரு நாள் உழைப்பும் போயிராது, உயிரும் போயிராது. அந்நாள் வருவது இப்போது நடக்கக்கூடிய காரியம். அதற்கு முன், இன்றே, இப்பொழுதே செய்யக்கூடிய காரியம் ஒன்றும் உண்டு. இக்கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது, அயல் வீட்டிலே மூச்சு வாங்குபவர் யாரேனும் உளரா என்று கேட்டு, உளராயின் நாளைக் காலையில் அவரை அழைத்துக்கொண்டு போவது. அதற்குப் பொறியும் வேண்டாம், உண்டியலும் வேண்டாம்.